நரம்போடு வந்த ரத்தம்

விகிதம் என்றால் நம்ம இன்ஜினியர்களுக்கு வேதவாக்கு! அறுவை சிகிச்சை டாக்டர்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. காயத்தை மூட, ஒரு முனையை ஒட்டியபடியே விட்டுத் திருப்பும் தோலுக்கு 'ஃப்ளாப்' என்று பெயர். அகலம் கூடினால் அது பிழைக்கும் நீளமும் கூடும் என்று நம்பினார்கள். 1970-ல் மில்டன் பன்றிகளில் சோதித்தார். அகலமல்ல, ரத்தக் குழாயே முக்கியம் என்று தெரிந்தது.

அப்போ நரம்பு எதற்கு? உணர்ச்சிக்கு மட்டும்தானா? 1992-ல் பிரான்ஸில் மாஸ்கெலே குழுவினர், தோல் நரம்போடு கூடவே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தோலை வாழவைப்பதைக் காட்டினார்கள். கெண்டைக்கால் நரம்போடு எடுத்த ஃப்ளாப், எலும்பு தெரியும் குதிகால் காயத்தையும் மூடியது. நரம்பை வெட்டுவதால் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகும். கால் பிழைக்கக் கொடுக்கும் விலை அது.

தம்பி தங்கைகளே, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுங்க, ஆனா 'ஏன்?' என்றும் ஒருமுறை கேளுங்க!