பிரட்டுக் கணக்கில் வராதவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் "சுரங்கம்" என்று சொன்னால் அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே இருக்கிற சிங்கமலைச் சுரங்கம்தான் ஞாபகத்துக்கு வரும். ரயில் உள்ளே நுழைந்ததும் எல்லோருமாகக் கத்துவார்களே, அதுதான். நிலக்கரி தோண்டும் சுரங்கம் நம் நாட்டில் கிடையாது. போகல, கஹட்டகஹ போன்ற காரீயச் சுரங்கங்கள் இருப்பதும் மலைக்குக் கீழே, கேகாலை, குருநாகல் மாவட்டங்களில். அப்படியிருக்க, சுரங்க மீட்புக் குழுக்களைப் போட்டி வைத்துப் பயிற்றுவிக்கும் கதையை நமக்கு எதற்காக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மீரியாபெத்தைக்காகத்தான்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் காலை ஏழரை மணியளவில் மலை இறங்கியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது லயனும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அது தனிக் கதை, பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறொன்று. அன்று மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு நூறளவில் என்றார்கள். அதன் பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. யாரைத் தேடுகிறோம், எத்தனை பேரைத் தேடுகிறோம் என்று தெரியாமலே இராணுவமும் ஊர் மக்களும் தோண்டினார்கள்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு வரவு இடாப்பு வைத்திருப்பவனுக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியாது. இதே கேள்வியில் உலகத்தின் சுரங்கங்கள் எப்படி அடிபட்டுப் பாடம் படித்தன என்று தேடியபோதுதான் இந்த வரலாறு கண்ணில் பட்டது.

1907 டிசம்பர் 6. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் மொனொங்கா என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. உத்தியோகபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 362 பேர். ஆனால் அந்தக் கணக்கை அன்றே பலர் நம்பவில்லை. ஏன் தெரியுமா? தொழிலாளர்கள் தங்கள் மகன்மாரையும் சொந்தக்காரரையும் கையுதவிக்குக் கூட்டிப் போவது அங்கே வழக்கம். சம்பளப் பட்டியலில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவன் செத்தால் கணக்கிலும் இல்லை. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்கப் போன ஏழைகள்தான் பெரும்பாலும். மொழி தெரியாத ஊரில், யாரென்று கேட்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். நம் முப்பாட்டன்மார் மன்னார் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தபோது வழியில் விழுந்தவர்களின் கணக்கும் இப்படித்தானே.

இரண்டு வருடம் கழித்து, 1909 நவம்பர் 13இல், இலினோய் மாநிலத்தில் செர்ரி என்ற சுரங்கத்தில் தீப்பிடித்தது. 259 பேர் மாண்டார்கள். இதில் பன்னிரண்டு பேரின் கதையைத்தான் சொல்ல வேண்டும். தப்பிக்கும் வாய்ப்பு கையில் இருந்தும் அவர்கள் கூண்டில் ஏறி மறுபடி உள்ளே இறங்கினார்கள். ஒரு தரமல்ல, ஆறு தரம். ஒவ்வொரு தரமும் ஆட்களை மேலே கொண்டு வந்தார்கள். ஏழாவது தரம் கீழேயிருந்து வந்த சமிக்ஞைகள் மேலே கூண்டை இழுப்பவருக்குச் சரியாக விளங்கவில்லை. அவர் தாமதித்தார். கூண்டு மேலே வந்தபோது மீட்கப் போனவர்களும் மீட்கப்பட்டவர்களும் எரிந்து போயிருந்தார்கள்.

துணிச்சலுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. இழு என்றா சொல்கிறார்கள், பொறு என்றா என்பது இரு பக்கத்துக்கும் ஒரே மாதிரி விளங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த அழிவுகளின் பின்னால் 1910இல் அமெரிக்க அரசு சுரங்கப் பணியகம் ஒன்றை அமைத்தது. அதன் முதல் பணிப்பாளர் ஜோசப் ஹோம்ஸ். ரயில் பெட்டிகளில் மூச்சுக் கருவிகளையும் பயிற்சியாளர்களையும் ஏற்றிச் சுரங்க ஊர்களுக்கு அனுப்பினார். 1911 ஒக்டோபர் இறுதியில் பிட்ஸ்பர்க் நகரில் தேசிய அளவில் பெரிய செயல்விளக்கம் ஒன்றை நடத்தினார். பல ஊர்களின் குழுக்கள் முதலுதவியையும் மீட்பையும் செய்து காட்டின. ஜனாதிபதி டாஃப்ட் நேரில் வந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான சனம். அங்கிருந்துதான் மீட்புப் போட்டி என்ற வழக்கம் ஊரூராகப் பரவியது. 1999 முதல் சர்வதேசப் போட்டியும் நடக்கிறது. போலந்து, சீனா, அவுஸ்திரேலியா, உக்ரேன், கனடா என்று நாடு மாறி மாறி நடத்துகிறார்கள்.

போட்டி எப்படி இருக்கும் தெரியுமா? பார்க்கப் போனால் ஏமாந்து போவீர்கள். ஓட்டமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஒரு மைதானத்தில் கயிறு கட்டிச் சுரங்கப் பாதை போலப் பிரித்திருப்பார்கள். இங்கே விஷவாயு, இங்கே தண்ணீர், இங்கே கூரை இடிந்திருக்கிறது என்று அட்டைகள் கிடக்கும். காயக்காரர் போல ஆட்களோ பொம்மைகளோ படுத்திருப்பார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழு, முதுகில் ஒட்சிசன் கருவியும் முகத்தில் கவசமுமாக மெதுவாக உள்ளே போகும். போகும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும். போன பிறகும் குறித்த நேரத்துக்கு ஒரு தரம் நின்று எல்லோரும் நலமா என்று பார்க்க வேண்டும். ஒரு ஒலி என்றால் நில், இரண்டு என்றால் முன்னேறு, மூன்று என்றால் பின்வாங்கு, நான்கு என்றால் ஆபத்து. அமெரிக்கப் போட்டி விதிகளில் உள்ள சமிக்ஞை இது. செர்ரியில் கூண்டுக்குள் எரிந்தவர்களை நினைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்த விதி ஒன்று உண்டு. பார்த்து முடித்த இடங்களில் குழுத்தலைவர் வெண்கட்டியால் திகதியையும் தன் பெயரின் முதலெழுத்துகளையும் எழுதி வைக்க வேண்டும். பின்னால் வருகிறவன் பார்த்த இடத்தையே மறுபடி பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது, பாராத இடத்தைப் பார்த்துவிட்டதாக நினைக்கவும் கூடாது. நாம் கரும்பலகையில் தேய்க்கிற அதே வெண்கட்டி!

நடுவர்கள் கையில் கடதாசியோடு பின்னாலேயே நடப்பார்கள். எழுத மறந்தாயா, புள்ளி குறையும். வாயுவைச் சோதிக்காமல் வளைவு திரும்பினாயா, புள்ளி குறையும். காயக்காரனைக் கண்டவுடன் பாய்ந்து ஓடினாயா, அதற்கும் குறையும். பாய்கிறவன் தானும் விழுந்து இன்னொரு காயக்காரனாவான் என்பது கணக்கு.

இந்தியாவுக்கும் இதே பாதைதான், இதே விலைதான். 1936 டிசம்பரில் வங்காளத்தின் போய்டி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 209 பேர் இறந்தார்கள். 1939இல் சுரங்க மீட்பு விதிகள் வந்தன, மீட்பு நிலையங்களும் வந்தன. இன்று அகில இந்திய சுரங்க மீட்புப் போட்டியில் நிலக்கரிக் கம்பனிகளும் உலோகச் சுரங்கங்களும் குழுக்களை அனுப்புகின்றன. ஹிந்துஸ்தான் சிங்க் கம்பனியில் பெண்கள் மட்டுமே கொண்ட மீட்புக் குழுவும் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் கைகளுக்குக் கயிறும் ஸ்ட்ரெச்சரும் சரிவராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. கோலார் தங்கவயலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1880இல் பிரித்தானியக் கம்பனி தொடங்கியது, 2001இல் மூடப்பட்டது. மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிய சுரங்கம். இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். நம் கங்காணிமார் ஆள் சேர்த்த அதே பஞ்சம் பிடித்த ஊர்கள். ஒரே கிராமத்திலிருந்து ஒருவர் மலைக்கு மேலே வந்திருக்கலாம், இன்னொருவர் பூமிக்குக் கீழே போயிருக்கலாம். கீழே போனவருக்குப் பாறை வெடிக்கும் பயம், மேலே வந்தவருக்கு மண் இறங்கும் பயம்.

கணக்கு தெரிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராணிகஞ்ச் சாட்சி. 1989 நவம்பர் 13இல் மகாபீர் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. வெளியே வராதவர்கள் 71 பேர் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். ஆறு பேர் மூழ்கிவிட்டார்கள், 65 பேர் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. பொறியியலாளர் ஜஸ்வந்த் சிங் கில் 22 அங்குல அகலத்தில் ஓர் இரும்புக் கூண்டு செய்வித்து, துளை போட்டு, தானே அதில் இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேரையும் ஏற்றி அனுப்பினார். நவம்பர் 16இல் வேலை முடிந்தது. அறுபத்தைந்து என்ற எண் கையில் இருந்ததால்தான் எப்போது நிறுத்தலாம் என்பதும் தெரிந்தது.

போட்டி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. 2006 ஜனவரி 2இல் அமெரிக்காவின் சேகோ சுரங்கம் வெடித்து 13 பேர் உள்ளே அகப்பட்டார்கள். போட்டிகளில் நூறாண்டு பழக்கமுள்ள நாடு. ஆனாலும் மீட்புக் குழு உள்ளே போகவே சுமார் 11 மணித்தியாலம் ஆனது. அடுத்த நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் "12 பேர் உயிரோடு" என்ற செய்தி தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு எட்டியது. மணி அடித்தார்கள், அழுதார்கள், ஆடினார்கள். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்கள்: உயிரோடு இருந்தது ஒருவர் மட்டும். முகக்கவசத்துக்குள் இருந்து பேசியது கைமாறிக் கைமாறி மேலே வந்தபோது புரண்டுவிட்டது. அந்த வருடமே வந்த சட்டம், மீட்புக் குழு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு போட்டிகளிலாவது கலந்துகொள்ள வேண்டும் என்றது. பரீட்சைக்கென்றே மனப்பாடம் செய்யும் வியாதி அங்கேயும் உண்டு, புலமைப்பரிசில் பார்த்த நமக்கு விளங்கும். இருந்தும் பழகாத நாக்கு இருட்டில் சரியாகப் பேசாது என்பதால் போட்டியைக் கைவிடவில்லை.

நிலக்கரிக்கும் மண்சரிவுக்கும் என்ன உறவு என்று இன்னும் யோசிப்பவர்கள் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானை நினையுங்கள். 1966 ஒக்டோபர் 21. சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த குன்று மழையில் ஊறிப் பாடசாலை மேல் இறங்கியது. 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள். பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். விசில் ஊதினால் அத்தனை பேரும் மண்வெட்டியை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், உள்ளேயிருந்து ஒரு சத்தமாவது வருமா என்று. மறுபடி தோண்டுவார்கள். காலை 11 மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. முதல் இரண்டு மணித்தியாலம்தான் எல்லாமே. 2025 நவம்பரில் திட்வா சூறாவளி வந்தபோது வீதிகள் துண்டிக்கப்பட்டு எத்தனை தோட்டங்கள் தனித்துக் கிடந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பக்கத்து லயன்காரரைத் தவிர வேறு ஆளே இல்லை.

இப்போது பிரட்டுக்களத்துக்கு வருவோம். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகத் தோட்டத்தில் தினமும் காலையில் ஆள் எண்ணுகிறார்கள். செக்ரோல் போல ஒழுங்காக எழுதப்பட்ட புத்தகம் மலையகத்தில் வேறில்லை. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரைப் பேர், எல்லாம் இருக்கும். ஆனால் அது வேலைக்கு வந்தவரின் கணக்கு. லயனில் படுத்திருக்கும் கிழவி அதில் இல்லை. தொட்டில் பிள்ளை இல்லை. கொழும்புக் கடையிலிருந்து நேற்றிரவு லீவில் வந்த மகன் இல்லை. பேர் பதியாத ஓய்வூதியக்காரர் இல்லை. மொனொங்காவின் சம்பளப் பட்டியலும் நம் செக்ரோலும் இந்த இடத்தில் ஒன்றுதான். சுரங்கத்தில் உள்ளே போகிறவன் தன் இலக்கமிட்ட பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே. கூலி அதில் சம்பந்தப்படவில்லை, அவன் வீடு திரும்பினானா என்பதுதான்.

ஆகவே ஒரு யோசனை. அதிபர்மார், தோட்டத் தலைவர்மார், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகள் கொஞ்சம் காது கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு போயா தினத்தில் பிரட்டுக்களத்திலேயே டிவிஷனுக்கு டிவிஷன் ஒரு போட்டி வைப்போம். கிரிக்கெட்டுக்குக் கிண்ணம் தருகிறோமே, இதற்கும் தருவோம். குழுவுக்கு ஆறு பேர், அதில் மூன்று பெண்கள். மழைமானியை வாசிக்க வேண்டும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் லயனை விட்டு வெளியேறுவது. சாக்கும் இரண்டு கம்பும் கொண்டு ஸ்ட்ரெச்சர் கட்டிப் படிக்கட்டில் ஆளை இறக்க வேண்டும். விசில் ஊதினால் முழுக்களமும் அமைதியாக வேண்டும். பார்த்த கதவில் வெண்கட்டியால் எழுத வேண்டும்.

அதிக புள்ளி எதற்கென்றால், லயன் அறை ஒவ்வொன்றிலும் நேற்றிரவு படுத்தவர் எத்தனை பேர் என்று ஐந்து நிமிடத்துக்குள் சரியாகச் சொல்லும் குழுவுக்கு.

அதற்கான இடாப்பை இப்போதே தொடங்கலாம். காட்சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடிய ஒரு பக்கப் படிவம் வரைந்து வைத்திருக்கிறேன்: அறை இலக்கம், பெயர், வயது, நடக்க முடியாதவரா, வெளியூரில் இருப்பவரா. மூன்று பிரதி வேண்டும். ஒன்று கிராம சேவகரிடம், ஒன்று பாடசாலையில், ஒன்று மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில். மூன்றாவது பிரதி ஏன் அந்தப் பக்கம் என்றால், நம் பக்கம் இறங்கினால் இடாப்பும் சேர்ந்தே இறங்கும்.