தலைச்சுற்றலும் தெக்கன் ஆசான்மாரும்

பனையிலிருந்து விழுந்தவனையும், அடிமுறைக் களரியில் கம்படி பட்டவனையும் எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் ஆசானிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பக்கம் என்றால் கொல்லயில், பாறசாலை, களியக்காவிளை, அதையும் தாண்டி குழித்துறை வரை. இன்று இதில் பாதி கேரளம், பாதி தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் எல்லாமே தென் திருவிதாங்கூர்தான்.

நான் இப்போது இருப்பது கனடாவில். இங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் பையன்களுக்குக் கன்கஷன் (அடிபட்டு மூளை குலுங்கிப்போவது) சர்வசாதாரணம். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. ஆனால் வாரக்கணக்கில் தலை சுற்றும், நடை தள்ளாடும். அதற்குப் பிசியோதெரபிஸ்டுகள் கழுத்தைப் பிடித்துவிடுகிறார்கள், தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். அட, இது நம்ம ஆசான் வேலையாயிற்றே என்று தோன்றியதால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

வர்மக் கணக்கு 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. (சுசுருதரின் சம்ஸ்கிருத மர்மக் கணக்கு 107. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று ஆடிட்டர் மாதிரி கேட்காதீர்கள்; இரண்டும் வேறு வேறு பேரேடு.) உச்சந்தலை, புருவ நடு, காதுப்புறம், பிடரி என்று தலையிலும் கழுத்திலும் முக்கியமான இடங்கள் உண்டு. அடி எவ்வளவு பலம் என்பதை மாத்திரை என்றும், அடிபட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நாழிகை என்றும் அளந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நினைவு தப்பியவனை எழுப்ப 'அடங்கல்' என்ற இடங்களைத் தூண்டுவார்கள். சுக்கை மென்று காதில் ஊதுவதும் உண்டு. பிறகு இளக்குமுறை, தடவல், எண்ணெய், கட்டு, கஞ்சி, பத்தியம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த மாத்திரையும் நாழிகையும். அடியின் அளவும் கடந்த நேரமும் தெரியாமல் கை வைக்காதே என்பதுதானே அதன் பொருள்?

இனி மேற்கே. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இங்கிலாந்தில் காவ்தார்ன் என்ற காது மருத்துவரும் குக்சி என்ற மருத்துவரும், தலையில் காயம்பட்டுத் தலைச்சுற்றலோடு கிடந்தவர்களைப் படுக்கையிலேயே விட்டுவிடாமல் கண், தலை, உடம்பு என்று படிப்படியாக அசைக்கவைத்தார்கள். அந்தப் பயிற்சி இன்றும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி என்ற மருத்துவர் இன்னொரு வழி கண்டார். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. தலையில் அடிபட்டால் அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். பிறகு கட்டிலில் புரண்டு படுத்தாலே உலகம் சுற்றும். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி நிறுத்தினால் துகள் உருண்டு பழைய இடத்துக்கே போய்விடும். மருந்தில்லை, கத்தியில்லை. அவர் 1980-ல் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. கட்டுரை அச்சேற 1992 ஆயிற்று.

எல்லாத் தலைச்சுற்றலும் காதால் வருவதில்லை. கழுத்தின் மேல்மூட்டுகள் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அங்கே அடிபட்டால் கண் ஒன்று சொல்லும், கழுத்து வேறொன்று சொல்லும். மூளைக்கு டேலி ஆகாது. 2014-ல் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ஷ்னைடர் குழு, விளையாட்டில் அடிபட்ட 31 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. கழுத்துக்குக் கை வைத்தியமும் சமநிலைப் பயிற்சியும் பெற்ற 15 பேரில் 11 பேர் 8 வாரத்துக்குள் விளையாடத் தகுதி பெற்றார்கள். மற்றப் பிரிவின் 14 பேரில் ஒரே ஒருவர்தான். சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

நம் ஆசான்மாரிடம் இல்லாதது இதுதான். கை இருந்தது, பேரேடு இல்லை. எத்தனை பேருக்குத் தலைச்சுற்றல் நின்றது, எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், யார் எழுதிவைத்தார்கள்? 2025-ல் சென்னை தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை செய்து கின்னஸ் சாதனை படைத்ததாகச் செய்தி வந்தது. சந்தோஷம். அந்த 567 பேரில் எத்தனை பேருக்கு நோய் விட்டது என்பதல்லவா எனக்கு வேண்டிய எண்?

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. வர்மத்துக்கும் அப்படித்தான். ஒன்று ஏடு, மற்றது ஆசானின் கை. ஏட்டை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது, வேண்டுமென்றே மூடி எழுதியது. சீடனை வருஷக்கணக்கில் சோதித்த பிறகே கையைக் காட்டுவார்கள்.

1956-ல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் பக்கம் அது வர்மம், சித்த மருத்துவத்தின் பகுதி. முஞ்சிறையில் கல்லூரியே இருக்கிறது, அதை நடத்தும் சங்கத்தின் பெயரில் இன்னும் 'திருவிதாங்கூர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் அது மர்மம், ஆயுர்வேதத்தின் பகுதி. ஏடுகளோ தமிழில். கொல்லயில் பக்கத்துப் பேரன்மார் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். ஒரு சாவி வீட்டுப் பரணில் கிடக்கிறது, வாசிக்க ஆளில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். அப்போது கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நேரே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். அது 1951-லேயே வந்துவிட்டது. எலும்பும் மூளையும் பத்திரம் என்று அவர்கள் சொல்லி, அதற்குப் பிறகும் சுற்றல் நிற்காவிட்டால் கை வைத்தியத்துக்குப் போகலாம். ஆசானிடம் போகிறவர்கள் போன தேதியையும், சுற்றல் நின்ற தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.