தாத்தாவின் கறுப்புப் போத்தல்

எங்க தாத்தா வாயில 'பாட்டில்' வராது, 'போத்தல்'தான். நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துல, துரை பங்களாவில் வேலை பார்த்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பலேறி வந்து, பொட்டிபுரத்துல குடியேறி, போடிமெட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறி இறங்கியே காலத்தை ஓட்டினார்.

திண்ணையில உட்கார்ந்தா ஒரு கதை வரும். "துரை வீட்டு ஸ்டவுட்டு இருக்கே, கன்னங்கரேல்னு... அரைப் போத்தலு போதும்டா, ஆளைச் சாச்சுப்புடும்."

மூணு வருஷம் முன்னாடி ஆன்சைட்னு லண்டன் அனுப்பினாங்க. முதல் வாரமே ஒரு ஸ்டவுட் குடிச்சேன். ஆல்கஹால் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்! உடனே போன் போட்டு, "தாத்தா, உங்க ஸ்டவுட் வெறும் வரக்காப்பி"ன்னு கிண்டலடிச்சேன். "நீ படிச்சவன், சரியாத்தான்யா இருக்கும்"னார். அடுத்த தை மாசம் போய்ச் சேர்ந்துட்டார்.

போன மாசம்தான் இதைப் பத்தி உட்கார்ந்து படிச்சேன். தாத்தா சொன்னதுதான் சரி.

'ஸ்டவுட்'னா முதல்ல நிறமே கிடையாது மக்களே, 'வலுவானது'ன்னுதான் அர்த்தம். போர்ட்டர்ங்கிற கறுப்பு பீர்ல வீரியம் கூடினது ஸ்டவுட். 19ம் நூற்றாண்டு லண்டன்ல ஆறு, ஏழு சதவீதமெல்லாம் சர்வசாதாரணம். பார்க்ளே பெர்கின்ஸ் ரஷ்யாவுக்கு அனுப்பின இம்பீரியல் ஸ்டவுட் பத்தைத் தொடும்.

அப்புறம் என்ன ஆச்சு? வரி! 1880ல் கிளாட்ஸ்டன் சட்டத்தை மாத்தினார். காய்ச்சின சாறு புளிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு அடர்த்தியோ அதுக்கேத்த வரி. தண்ணிக்கு 1000னு வச்சுக்கிட்டா, 1914ல் பிரிட்டிஷ் பீரோட சராசரி சுமார் 1052. முதல் உலகப்போர் வந்தது, தானியத் தட்டுப்பாடு, வரி பல மடங்கு. 1919ல் சராசரி சுமார் 1030. போர் முடிஞ்சும் பழைய வீரியம் திரும்பலை.

வகை மட்டும் பெருகிச்சு. ஓட்ஸ் போட்ட ஸ்டவுட், 1907ல் வந்த மேக்கசன் பால் ஸ்டவுட்... பால் சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது, அதனால இனிப்பு தங்கிடும், போதை கம்மி. சத்து பானம்னு சொல்லியே வித்தாங்க!

ஆனா கடல் தாண்டிப் போன சரக்கு வேற. கின்னஸ் 1801லேயே மேற்கிந்தியத் தீவுகளுக்குன்னு தனி போர்ட்டர் காய்ச்சினாங்க. மாசக்கணக்கா கப்பல்ல கெடாம இருக்கணுமே, அதனால ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடுதல். அதோட வாரிசுதான் இன்னைக்கும் வெப்ப நாடுகள்ல கிடைக்கிற ஏழரை சதவீத ஃபாரின் எக்ஸ்ட்ரா.

இலங்கையிலயும் இதே கதைதான். ஆப்பிரிக்காவுல ஆல்பர்ட் ஏரியைத் தேடிப்போன சாமுவேல் பேக்கர், அதுக்கு முன்னாடி 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி பீர் காய்ச்சினவர். 1881ல் அந்த ஊர்ல பெரிய ஆலையே வந்தது. அந்த வழியில வந்த லயன் ஸ்டவுட்டை பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை!) உலகத்துக்கே அறிமுகம் பண்ணினார். இப்ப கொழும்பு பக்கம் பியகமவில் காய்ச்சறாங்க, 8.8 சதவீதம்.

ஆக, லண்டன்காரன் தொலைச்ச ஸ்டவுட், எங்க சனங்க கொழுந்து பறிச்ச மலையில பத்திரமா இருந்திருக்கு. இதைத் தாத்தாகிட்ட சொல்லத்தான் வழியில்லை. படிச்சவன் படிக்காமலே பேசிட்டேன்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது வரலாற்றுப் பதிவு மட்டுமே :-)