1 கிராம் மெலமைன், 4 கிராம் புரோட்டீன் ஆனது எப்படி? பால் டெஸ்ட்டை ஏமாற்றிய வேதியியல் கணக்கு

2008-ல் சீனாவை உலுக்கியது கலப்பட பால் பவுடர் விவகாரம். 6 குழந்தைகள் உயிரிழந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பல குழந்தைகளுக்கு சிறுநீரகக் கல். காரணம், உடையாத தட்டு, கிண்ணம் செய்ய பயன்படும் மெலமைன். இத்தனைக்கும் அந்தப் பால் புரோட்டீன் டெஸ்ட்டில் பாஸ் ஆகியிருந்தது! எப்படி என்று புரிய பிளஸ் 1 வேதியியலில் வரும் ஒரு கணக்கு போதும்.

சதவீத இயைபு என்றால் என்ன?

ஒரு சேர்மத்தை 100 கிராம் எடுத்தால், அதில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை கிராம் இருக்கும்? அவ்ளோதான் சதவீத இயைபு.

மெலமைன் மூலக்கூறு ஒன்றில் கார்பன் 3, ஹைட்ரஜன் 6, நைட்ரஜன் 6 அணுக்கள். அணு நிறை முறையே 12, 1, 14. ஆக 36 + 6 + 84, மொத்தம் 126. இந்த 126-ல் நைட்ரஜன் மட்டும் 84, அதாவது 66.7 சதவீதம். மூட்டையில் '46 சதவீதம் நைட்ரஜன்' என்று அச்சிட்டு வரும் யூரியாவே இதற்குப் பின்னால்தான். பால் புரோட்டீனில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம்தான்.

டெஸ்ட் ஏமாந்தது எங்கே?

டென்மார்க் வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883-ல் வெளியிட்ட முறை, புரோட்டீனை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளக்கும். பால் என்றால் அந்த அளவை 6.38-ஆல் பெருக்கி, 'இவ்வளவு புரோட்டீன்' என்பார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த முறைக்குத் தெரியாது.

பாலில் தண்ணீர் ஊற்றினால் புரோட்டீன் குறையும், மாட்டிக்கொள்வார்கள். அதை மறைக்கத்தான் மெலமைன். 1 கிராம் மெலமைனில் 0.667 கிராம் நைட்ரஜன், 6.38-ஆல் பெருக்கினால் 4.25. சத்தே இல்லாத 1 கிராம் பொடி, காகிதத்தில் 4 கிராமுக்கு மேல் புரோட்டீன்!

எளிய விகித வாய்பாடு

இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பொடி. 100 கிராமில் கார்பன் 28.6, ஹைட்ரஜன் 4.8, நைட்ரஜன் 66.7 கிராம் என்று ஆய்வகம் சொல்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுத்தால் 2.38, 4.8, 4.76. மூன்றையும் சிறிய எண்ணான 2.38-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 : 2 : 2. இதுதான் எளிய விகித வாய்பாடு.

அப்போ அந்தப் பொடி மெலமைன்தானா? அவசரப்படக் கூடாது. சயனமைடு என்ற வேறொரு சேர்மத்துக்கும் இதே 1 : 2 : 2 விகிதம், இதே சதவீதம். மாணவர்கள் மார்க்கை கோட்டை விடுவதும் இங்கேதான். மூலக்கூறு நிறை தெரிந்தால்தான் முடிவு சொல்ல முடியும். இந்த விகிதத்தின் நிறை 12 + 2 + 28 = 42. பொடியின் மூலக்கூறு நிறை 42 என்றால் சயனமைடு. 126 என்றால் மும்மடங்கு, மெலமைன்.

மூலக்கூறையே அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி கருவியால் இன்று பால் பவுடரில் மெலமைன் தனியாகத் தேடப்படுகிறது. குழந்தைகளுக்கான பால் பவுடரில் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு 1 மில்லிகிராம்.