குடிநோயாளியின் மனைவி: தெல்மா வேலெனின் வகைப்பாட்டுக்கு ஒரு மறுப்பு

குடிநோய் சிகிச்சையில் மனைவியின் இடம் அமெரிக்காவில் எவ்வாறு மாறிவந்தது என்பதை எழுதுவோர், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பு உருவான 1951ஐத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆனால் முடிச்சு விழுந்தது 1953இல் என்றே கருதுகிறேன். அவ்வாண்டில் வெளியான தெல்மா வேலெனின் கட்டுரை, குடும்பநல அமைப்பொன்றை நாடிவந்த மனைவியரை நான்கு வகையாகப் பிரித்தது: துயருறும் சூசன், அடக்கியாளும் கேத்தரின், தடுமாறும் வினிஃப்ரெட், தண்டிக்கும் பாலி. இவர்கள் தம் உள்மனத் தேவைக்கு ஏற்ற ஆணையே தேடி மணந்தார்கள், குடும்பத்தின் சீர்குலைவில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம்.

கேத்தரினை எடுத்துக்கொள்வோம். பணமும் முடிவுகளும் அவள் கையில். கணவன்மீது நம்பிக்கை இல்லை. இதை மணத்துக்கு முன்பே இருந்த ஆதிக்கக் குணம் என்கிறார் வேலென். சம்பளம் ஒழுங்காக வந்துசேராத வீட்டில் வாடகையையும் பிள்ளைகளையும் வேறு யார் கவனிப்பது? பிரிவதும் திரும்புவதுமாக இருக்கும் வினிஃப்ரெட்டின் செயலுக்கு, பலவீனமான ஆணை நாடும் மனத்தைக் காரணம் காட்டுகிறார். தனி வருமானம் இல்லாத பெண் வேறு எங்கே போவாள் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. குடி முற்றிய பிறகு உதவி தேடி வந்தவர்களைப் பார்த்துவிட்டு, மணத்துக்கு முந்தைய இயல்பை அவர் ஊகிக்கிறார். விளைவு காரணமாகிவிடுகிறது.

அடுத்த ஆண்டே, வேலெனின் கட்டுரை வெளியான அதே ஆய்விதழில், ஜோன் ஜாக்சன் வேறொரு சித்திரத்தைத் தந்தார். மனைவியர் குழுவொன்றை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, நெருக்கடிக்கு ஈடுகொடுக்கும் குடும்பம் கடக்கும் ஏழு கட்டங்களை வரைந்தார். நான்காம் கட்டத்தில் மனைவி வீட்டுப் பொறுப்பை ஏற்கிறாள். ஐந்தாவதில் பிரிய முயல்கிறாள். கேத்தரினும் வினிஃப்ரெட்டும் ஒரே பெண்ணின் வெவ்வேறு காலங்களாக இருக்கலாம் என்பேன். பாலி இந்த வரிசையில் எளிதில் அடங்கவில்லை. கட்டங்கள் எல்லாக் குடும்பங்களிலும் ஒரே ஒழுங்கில் வருவதில்லை என்று 1960இல் எட்வின் லெமெர்ட் காட்டியதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அது ஜாக்சனின் வரிசையைத்தான் தளர்த்துகிறது. வேலெனுக்கு வலுச் சேர்க்கவில்லை.

மனைவியே நோயின் ஒரு பகுதி என்றால் அவளிடம் சிகிச்சைப் பணியை ஒப்படைக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் 1986இல் சிஸ்ஸனும் அஸ்ரினும் சிறிய ஆய்வொன்றில் அதைத்தான் செய்தனர்: குடிக்காத வேளையைக் கணவனுக்கு இனிதாக்குவது, குடித்தால் விலகிக்கொள்வது, அடி விழும் அபாயத்தை முன்கூட்டி உணர்வது, சிகிச்சைப் பேச்சை எடுக்க ஏற்ற நேரம் பார்ப்பது ஆகியவற்றில் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். இவ்வழியில் வளர்ந்த முறையை மில்லர், மேயர்ஸ், டோனிகன் மூவரும் 130 குடும்பத்தாரிடம் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சைக்கு மறுத்துவந்தவர்களில் 64 விழுக்காட்டினர் இம்முறையால் உள்ளே வந்தனர். குடும்பமே கூடி எதிர்கொள்ளும் ஜான்சன் முறையில் 30, அல்-அனான் வழியில் 13. குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது அல்-அனானின் நோக்கமன்று என்பதால் கடைசி எண்ணைத் தோல்வியாகப் படிப்பது நியாயமில்லை.

1953க்கும் 1999க்கும் இடைப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுத் தாமதத்துக்கு வேலென் ஒருவரே காரணம் என்று நிறுவ முடியாது. அவருடைய நோக்கு அன்றைய உளப்பகுப்பாய்வுச் சூழலின் பொதுச்சொத்து. என் அழுத்தம் வேறிடத்தில். 1999 ஆய்வில் மூன்று முறைகளிலும் குடும்பத்தாரின் மனச்சோர்வு ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆகவே, கணவன் சிகிச்சைக்கு வந்தானா என்பதை மட்டும் கொண்டு மனைவிக்கான உதவியை அளக்கக் கூடாது. அப்படி அளந்தால், அவன் வராதபோது குறை மறுபடி அவள்மீதே விழும்; வேலெனின் வாதம் பயிற்சி என்ற பெயரில் திரும்பி வந்துவிடும்.