ஈயமும் சுண்ணாம்பும்

1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே ஜெர்மனியில் ஓர் ஓவியத்தை அந்தக் கதிரில் படமெடுத்துவிட்டார்கள். ஆம்பூரில் டேனரித் தொழிலாளிகளின் நசுங்கிய விரல்களைப் படமெடுத்துப் பழகியவன் நான். அந்த ஆவல் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஐரோப்பிய ஓவியர்கள் முகத்தில் வெளிச்சம் விழும் இடங்களுக்கு, நெற்றிக்கும் மூக்குத்தண்டுக்கும், ஈய வெள்ளையைக் குழைத்துப் பூசினார்கள். ஈயம் கதிரைத் தடுக்கும். நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்குள் இருப்பதும் அதுதான். மேலே வேறு படம் வரைந்து மூடியிருந்தாலும், அடியில் இருக்கும் முகம் ஃபிலிமில் வெள்ளையாக எழுந்து வரும். துணி ஓவியத்துக்கு 30 கிலோவோல்ட் அளவே போதும். கூட்டினால் எல்லாம் கருத்துப்போகும். 2008-இல் வான் கோவின் புல்திட்டு ஓவியத்தை ஹாம்பர்க்கில் மெல்லிய கதிர்க்கற்றையால் புள்ளி புள்ளியாக வருடினார்கள். எங்கே பாதரசம், எங்கே ஆன்டிமனி என்று குறித்துக்கொண்டே போனபோது புல்லுக்கு அடியில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது.

நம் பக்கம் அப்படி மறைந்திருந்த முகங்கள் தஞ்சைப் பெரிய கோயிலில் உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியத்தைக் கண்டார். ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பலர் சொல்லும் முகங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அங்கே என் மெஷினுக்கு வேலை இல்லை. கதிர் ஒரு பக்கம், ஃபிலிம் மறுபக்கம் இருக்க வேண்டும். நடுவில் நிற்பதோ கருங்கல் சுவர். அதைவிடப் பெரிய தடை சுண்ணாம்பு. படத்தில் எலும்பு தெரிவதே கால்சியத்தால்தான். சுவர் பூராவும் சுண்ணாம்புக் காரை என்றால், மேலே பூசிய காவியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அதனால் வேதியியல்தான் கைகொடுத்தது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய ஆய்வகத்தின் எஸ். பரமசிவன், காரையிலும் வண்ணத்திலும் துளித்துளியாக எடுத்துச் சோதித்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் ஒரே தோலை மேல், கீழ் என்று பிளந்து இரண்டையும் பயன்படுத்துவார்கள். அதே வேலையை ஆயிரம் வருஷத்துச் சுவரில் செய்திருக்கிறார்கள். அந்தக் கைகளை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

ஆம்பூர்ப் பக்கத்திலேயே, மலையாம்பட்டில், ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் மங்கிக் கிடக்கின்றன. அகச்சிவப்புக் கேமராவுக்கு மறுபக்கம் தேவையில்லை. மங்கிப்போன கரிக்கோடுகளையும் அது எடுத்துக் காட்டும். அந்தக் கூரையை ஒருமுறை முழுக்க அதில் பதிவு செய்துவிட வேண்டும்.