முள்காட்டில் ஒரு கல்லூரி

கெடார் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறிப் படிக்கப் போகும் மாணவர்கள் ஏராளம். திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு தாண்டித் தாம்பரம் வரும்போது பையை எடுக்கும் அவசரம்தான் எல்லோருக்கும். அந்த ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு காடு இருக்கிறது என்று சொன்னால் நம்பக்கூட மாட்டார்கள். அந்தக் காட்டுக்குள் இருப்பது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

1837ல் பள்ளியாகத் தொடங்கி, சென்னை நகரத்தின் நெரிசலுக்குள் வளர்ந்த நிறுவனம் அது. சரியாக நூறாண்டு கழித்து 1937ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931லேயே ஓடத் தொடங்கியிருந்ததால் வந்துபோக வசதி இருந்தது. கிடைத்த நிலமோ சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி, 360 ஏக்கருக்கு மேல். காடு என்றதும் குற்றாலத்தை நினைக்க வேண்டாம்! காரையும் களாவும் சூரையும் மண்டிய முள்புதர்தான்.

இந்த இடத்தில் ஒரு தம்பதியைச் சொல்லியாக வேண்டும். எட்வர்ட் பார்ன்ஸ், அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸ். எட்வர்ட் பாடம் நடத்தியது வேதியியல். பித்துப் பிடித்திருந்தது தாவரவியலில். மேற்கு மலைகளில் அலைந்து செடிகளைச் சேகரித்தவர். நீலகிரியில் வளரும் செரோபீஜியா பார்னேசி என்ற கொடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வளாகத்தில் இன்று நிழல் தரும் மரங்கள் பலவற்றுக்கு இவர்கள் இருவரும்தான் காரணம். (அந்த வேலைக்கு யாரும் அவர்களுக்கு மதிப்பெண் போடவில்லை என்பது வேறு விஷயம்.)

மரம் நட்டது நல்ல காரியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம், மீதிப் புதரை வெட்டாமல் விட்டு வைத்தது. சோழமண்டலக் கரையோரம் மட்டும் நீண்டு கிடக்கும் ஒரு வகைக் காட்டோடு சேர்ந்தது இந்தப் புதர். ஆண்டில் பாதி நாள் மழையே இல்லை, ஆனாலும் இலை முழுக்க உதிர்வதில்லை. இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரமும் ஒரு காலத்தில் இந்தக் காடுதான். மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி அதில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. சாமிக்குப் பயந்து யாரும் அரிவாள் வைக்காததால் மிஞ்சியது. மற்ற இடங்களில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர் வைத்தோம். கதை முடிந்தது.

கிண்டியில் நடந்தது இன்னும் சிக்கலானது. 1821ல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கிய நிலம் அது. 1910ல் 505 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 1958ல் அதில் ஒரு பகுதி ஐ.ஐ.டி. கட்டுவதற்காக மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போனது, 1959ல் ஐ.ஐ.டி. தொடங்கியது. 1978ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது எஞ்சியிருந்தது சுமார் 270 ஹெக்டேர். வரவு செலவு எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று உடனே புரியும்: கட்டடம் சொத்துக் கணக்கில் ஏறும், கழிந்த காடு எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஐ.ஐ.டி. வளாகம் மரங்களையும் மான்களையும் நிறையவே காப்பாற்றியது. சந்தேகமில்லை. ஆனால் வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் பிராணி. ஓடுவதற்கு வெட்டவெளி வேண்டும், எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும். அங்கே கட்டடம் வந்தாலும் அதற்கு ஆபத்து, நெருக்கமாக மரம் நட்டாலும் ஆபத்து! "பசுமை வளாகம்" என்றால் கண்ட இடத்திலெல்லாம் கன்று நடுவது என்று நினைப்பவர்கள் இந்த மானைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் வந்தது. சென்னையில் அன்று அதிகமாகச் சாய்ந்தவை அழகுக்காகவும் சீக்கிரம் நிழல் தருவதற்காகவும் நட்ட குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும். ஐ.ஐ.டி.யிலும் தாம்பரத்திலும் மரங்கள் வேரோடு விழுந்தன. குட்டையாய், கோணலாய், யாரும் போட்டோ எடுக்காத உள்ளூர்ப் புதர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. நூற்றாண்டுக் கணக்கில் புயல் பார்த்த சாதி அல்லவா!

உச்ச நீதிமன்றம் 1991ல் எம்.சி. மேத்தா வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003ல் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஆறு மாதப் பாடம் கொண்டுவந்தது. அதனால்தான் பி.காம். மாணவரும் ஓசோன் படலம் பற்றி எழுதித் தேர்ச்சி பெறுகிறார். ஓசோன் இருக்கட்டும். தன் கல்லூரிக் காம்பவுண்டுக்குள் நிற்கும் பத்துச் செடிகளுக்குப் பெயர் தெரியுமா என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

வானூர்ப் பக்கம் ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வந்தவர்கள் முதலில் கண்டது செம்மண் பொட்டலும் மழை அரித்த பள்ளங்களும்தான். வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை வைத்துத்தான் மண்ணைப் பிடித்தார்கள். அதன் நிழலில் பிறகு உள்ளூர்க் காட்டு மரங்களை வளர்த்தார்கள். விதைக்கு எங்கே போனார்கள் தெரியுமா? புத்துப்பட்டு மாதிரி மிஞ்சிய கோயில் காடுகளுக்கு.